மேசைச்சீலை

லாங்கென்தாலில் எங்கள் கட்டடத்தில்
உடுப்புத் தோய்க்க எங்களுக்கு முறை
இரண்டு கிழமைக்கு ஒரு வியாழன்.
ஞாயிறு ஒருவருக்கும் இல்லையென்று
நிலவறைக் கதவில் ஒட்டியிருந்தார்கள்.
திராட்சரசக் கறைக்கு வியாழன்வரை பொறுக்கத் தெரியாது.
ஆகவே திருவிருந்து நடந்த ஞாயிறுகளில்
குளியல் தொட்டி மேசைச்சீலைக்கு.
நானும் தம்பியும் வாளியில் குளித்தோம்.

அம்மாவின் ஞாயிறு நாலரைக்குத் தொடங்கும்.
முதியோர் இல்லத்துச் சமையலறையில்
நாற்பத்திரண்டு அவித்த முட்டை,
சீனி வருத்தக்காரருக்கு வேறு தட்டு.
பதினொன்றுக்கு ஏப்ரனைக் கழற்றி
சேலைக்கு மேல் குளிரங்கியை மாட்டி
ரொட்டியும் ரசமும் கறிச்சட்டியுமாக பஸ்ஸில் வருவா.
அப்பா யார் யாருக்காக ஜெபிக்கவேணுமென்பது
கடை ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் இருக்கும்:
ஒருவருக்கு விசா மறுப்பு, ஒருவருக்குக் கரு தங்கவில்லை,
ஒருவர் மூன்று ஞாயிறாக வரவில்லை, காரணம் கடன்.

மண்டபம் எங்களுக்கு இரண்டு மணிக்குத்தான்.
ஆறுக்குத் திருப்பிக் கொடுக்கவேணும், கறி மணம் இல்லாமல்.
பொறுப்பாளர் ஏஷ்லிமான் மூக்கால் கணக்கெடுப்பார்.
சாப்பாடு முடிந்ததும், தை மாதமானாலும்,
அம்மா ஏழு ஜன்னலையும் திறப்பா.
"பாஸ்டரம்மா, விறைக்குது" என்னும் சனம்.
"அஞ்சு நிமிஷம்" என்பா.
சபையில் நான் கேட்ட அம்மாவின் பேச்சு
பெரும்பாலும் அந்த அஞ்சு நிமிஷம்தான்.

எனக்குப் பதினொரு வயது. ஒரு வெள்ளி இரவு
இரண்டு மணிபோல அழைப்புமணி.
வதனி அன்ரி, வீட்டுச் செருப்போடு, பனியில்.
தோளில் நித்திரையாய்ப் பிள்ளை.
அம்மா ஒன்றும் கேட்கவில்லை.
என்னை எழுப்பித் தம்பியின் கட்டிலுக்கு அனுப்பி
என் படுக்கையின் சூடு ஆறுமுன்
பிள்ளையை அதில் கிடத்தினா.
உறைந்த பட்டாணிப் பையைத் துவாயில் சுற்றி
அன்ரியின் கன்னத்துக்குக் கொடுத்தா.
"காலையில் அவரோடு கதைக்கிறன்" என்றார் அப்பா.
அவர் என்பவர் சபையின் காணிக்கைக் கணக்கர்.
வாடகைக்குக் குறைந்தால் தன் கையால் போடுகிறவர்.

ஞாயிறு அவர் முன்வரிசையில் இருந்தார்,
இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை.
அப்பா மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்தார்.
நல்ல பிரசங்கம், இப்போதும் சொல்வேன்.
"வீட்டுக்குத் திரும்பு" என்று அவர் கையை நீட்டியபோது
அம்மா எழும்பினா.
கழிப்பறைக்குப் போறா என்று நினைத்தேன்.
முதல் ஜன்னலைத் திறந்தா.
இரண்டாவது. கொக்கியின் சத்தம்.
மூன்றாவது.
கறிச்சட்டி இன்னும் மூடியபடியே இருந்தது.
ஏழையும் திறந்துவிட்டு
கடைசி வரிசையில் வதனி அன்ரியின் பக்கத்தில் இருந்து
குளிரங்கியைக் கழற்றி அவவின் மடியில் போட்டா.

அப்பாவின் தாள்கள் பறந்தன. அவர் பொறுக்கவில்லை.
பிள்ளைகள் வாயால் புகை விட்டு விளையாடினார்கள்.
விறைக்குது என்று ஒருவரும் சொல்லவில்லை.
வெகுநேரம் கழித்து
"நான் பிழையாத் தொடங்கிட்டன்" என்றார்.

அடுத்த மாதம் வாடகைக்குக் குறைந்தது.
அம்மா சனிக்கிழமை வேலையும் எடுத்தா.
கணக்கர் சூரிச்சில் வேறு சபைக்குப் போனார்,
போகும்போது நாலு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு.

ஆனால் அந்த ஞாயிறு, திருவிருந்து ஞாயிறு.
சீலை இரவு தொட்டியில் ஊறியது.
பத்துக்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம்
கீழ்வீட்டுக்காரிக்கு ஆகாது.
நான் எழும்பிப் போனபோது
கதவு நீக்கலாக இருந்தது:
ஒரு நுனி அம்மாவின் கையில், மறுநுனி அப்பாவின் கையில்.
எந்தப் பக்கம் முறுக்குவதென்று தெரியாமல் நின்றார்.
அம்மா நாடியால் காட்டினா.
கறை முழுக்கப் போகவில்லை.
சொட்டுகிற இடத்தில் அம்மா
பழைய துவாயொன்றை மடித்து வைத்திருந்தா,
தண்ணீர் விழுவது கேளாதிருக்க.